சித்தூர் பக்கம் குப்பை விதி: அஜைவம் என்றால் அசைவம் இல்லையா?

புதுக்குடி | திங்கள் இரவு 9:10

பொள்ளாச்சியிலிருந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் எல்லையோரப் பஞ்சாயத்து ஒன்றுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை. வாடகை வீடு, ஆறு வீட்டுக்கு ஒரே முற்றம்.

வந்த முதல் மாதமே, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனையிலிருந்து பச்சைக் கோட்டு போட்ட இரண்டு பெண்கள் வந்து, கதவுக்குப் பக்கத்தில் ஒரு கியூ.ஆர். கோடு ஒட்டினார்கள். "அஜைவ மாலின்யம் மாத்ரம்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் காதில் வாங்கியது "அசைவம்". நம் வாயில் ஜ எல்லாம் ச தானே! அசைவக் கழிவுக்குத் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு முன்னேறிய ஊர் என்று மாமியாரிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த முறை அவர்கள் வந்தது ஒரு திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக் கோழி எலும்பையும் மீன் செதிலையும் இரண்டு கவர் போட்டுக் கட்டி நீட்டினேன். அவிழ்த்துப் பார்த்த அக்கா முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் இன்றைக்கும் என்னை "அசைவம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சரி, அது போகட்டும். என் சந்தேகம்: மாதம் 50 ரூபாய் வாங்குகிறார்கள், சமையல் கழிவை எடுப்பதில்லை. பொள்ளாச்சியில் தினமும் வண்டி வரும், மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள். இங்கே ஈரக் குப்பையை என்னதான் செய்வது? 50 ரூபாய் கட்டாவிட்டால் என்ன ஆகும்?


தென்னந்தோப்பு | திங்கள் இரவு 9:42

ஒன்றும் ஆகாது. நான் ஒன்றரை வருடம் கட்டவில்லை. தோப்புக்காரனுக்கு எதுக்கு இந்தச் சேனை? சமையல் கழிவு தென்னை மரத்தடிக்கு, தாளும் அட்டையும் அடுப்புக்கு. பிளாஸ்டிக் எங்கள் வீட்டில் வருவதே பால் பாக்கெட்டும் எண்ணெய் பாக்கெட்டும்தான். அதைக் கொடுப்பதற்கு 50 ரூபாய் நான் தர வேண்டுமாம். பழைய இரும்புக்காரன் நமக்குக் காசு கொடுத்து எடுத்துப்போவான். உலகம் தலைகீழாகப் போச்சு.


எல்லைவண்டி | திங்கள் இரவு 10:05

ஐயா, பழைய இரும்புக்காரர் உங்கள் பால் பாக்கெட்டை எடுக்க மாட்டார், அதைத்தானே இவர்கள் எடுக்கிறார்கள். ஒன்றும் ஆகாது என்றும் சொல்லாதீர்கள், பாவம் அந்த அக்கா உங்களை நம்பிவிடப் போகிறது. 2024இல் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கட்டாத பணத்தை வரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம். 90 நாள் தாண்டினால் மேலே 50 சதவீதம் அபராதம். ரொம்பக் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு மட்டும் பஞ்சாயத்து விலக்கு கொடுக்கலாம். தோப்பு வைத்திருப்பவர் அந்தக் கணக்கில் வர மாட்டார், ஐயா கோபிக்கக் கூடாது.


தென்னந்தோப்பு | திங்கள் இரவு 10:11

கோபம் இல்லை. ஆனால் பாக்கி நோட்டீஸ் வந்தால் உங்களுக்குத்தான் அனுப்புவேன்.


நகரிநெசவு | செவ்வாய் காலை 7:30

தலைப்பில் சித்தூர் என்று பார்த்ததும் எங்கள் ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். வந்தது வந்தாச்சு, எங்கள் கதையும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் பக்கம் 2021 அக்டோபர் 2ஆம் தேதி 'கிளாப்' என்று திட்டம் தொடங்கினார்கள். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று தொட்டி. ஈரம் பச்சையில், காய்ந்தது நீலத்தில், பல்பு, பேட்டரி, காலாவதி மாத்திரை சிவப்பில். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நகரங்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வைத்தார்கள். அதற்கு ஊர் வைத்த பெயர் "செத்த பன்னு". தெலுங்கில் செத்த என்றால் குப்பை, பன்னு என்றால் வரி. வீட்டில் தமிழ் பேசும் எங்கள் பாட்டிக்கு இது புரியவே இல்லை. "செத்த பன்னுக்கு எதுக்குடா காசு, டீக்கடையில் உயிரோடு ஒரு பன் வாங்கித் தா" என்றாள்.

அந்த வரி மேல் ஜனங்களுக்கு இருந்த கடுப்பு தேர்தல் வரை பேச்சாக ஓடியது. 2024இல் வந்த புது அரசு அதை ரத்து செய்தது. அதனால் அக்கா, 50 ரூபாய்க்குப் புலம்புவது உங்கள் ஊர் வழக்கம் மட்டும் இல்லை.


வார்டுஏழு | செவ்வாய் இரவு 8:20

நான் ஹரித கர்ம சேனையில் இருக்கிறேன். உங்கள் பஞ்சாயத்து இல்லை, பக்கத்துப் பஞ்சாயத்து. எங்கள் வீட்டிலும் தமிழ்தான். புதுக்குடி அக்கா, அந்தக் கோழி எலும்புக் கதையைப் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஆனால் நீங்கள் ஒருத்தர் இல்லை. கோயமுத்தூரிலிருந்து குடிவரும் பாதி வீட்டில் இதே கதைதான். அஜைவம் என்றால் உயிர்ப்பொருள் அல்லாதது, நம் கணக்கில் மக்காதது. ஜைவம் என்றால் மக்குவது.

எடுப்பது: பால் கவர், எண்ணெய் கவர், பிஸ்கட் உறை, பாட்டில், செருப்பு, பை, துணி, கண்ணாடி, பல்பு, கெட்டுப்போன மிக்ஸி வரை. பிளாஸ்டிக் மாதாமாதம் எடுப்போம். மற்றதற்கு ஒவ்வொரு மாதம் ஒவ்வொன்று என்று காலண்டர் உண்டு, பஞ்சாயத்தில் கேட்டு வாங்கிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் குறைந்தது 50, கடைக்கு 100இலிருந்து. நகராட்சியில் வீட்டுக்கு 70.

ஒரே ஒரு நிபந்தனை. கழுவி, காயவைத்துக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னால்தான் எல்லாருக்கும் கோபம் வருகிறது. "குப்பையைப் போய்க் கழுவுவார்களா?" என்று கேட்காத வீடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன். ஒரு வார்டுக்கு நாங்கள் இரண்டு பேர். நாற்பது வீட்டுச் சாக்கு நிறைந்ததும் ரோட்டோரம் இருக்கிற கம்பிக் கூண்டில், அதுதான் மினி எம்.சி.எஃப்., அதில் போடுவோம். அங்கிருந்து வண்டி வந்து பஞ்சாயத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோகும். கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் பிரிப்பதும் நாங்கள்தான். கழுவாத பால் கவர் நான்கு இருந்தால் போதும், சாக்கு முழுக்கப் புழு. இடவப்பாதி மழையில், அதுதான் தென்மேற்குப் பருவமழையில், அந்தக் கொட்டகைக்குள் பத்து நிமிடம் நின்று பாருங்கள், அப்புறம் கவரைக் கழுவச் சொல்வது அதிகப்படி என்று தோன்றாது.

பிரித்ததைக் கேரள அரசின் கிளீன் கேரளா கம்பெனி எடுத்துக்கொள்ளும். நல்ல பிளாஸ்டிக்குக்கு விலை உண்டு. மட்டமானதை அரைத்துத் தாரோடு கலந்து ரோடு போடுகிறார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை, அதற்காக 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். அதற்கும் ஆகாதது சிமெண்ட் ஆலை உலைக்குப் போகும். ஈரமாக இருந்தால் உலைக்காரன் வாங்க மாட்டான். நீங்கள் கொடுக்கும் 50 ரூபாயும் பொருள் விற்ற பணமும்தான் எங்கள் சம்பளம். தென்னந்தோப்பு ஐயா ஒன்றரை வருடம் கட்டவில்லை என்றால் 900 ரூபாய், அது என் மாதிரி இரண்டு பெண்களின் பணம். சண்டைக்குச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன்.


தென்னந்தோப்பு | செவ்வாய் இரவு 8:55

அம்மா, இதை யாரும் எங்களிடம் இப்படிச் சொன்னதில்லை. மலையாளத்தில் ஒரு நோட்டீஸ், அதில் சிவப்பு எழுத்தில் அபராதம், அவ்வளவுதான் வரும். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எங்கள் வயதில் இந்தத் தாலுகாவில் பாதிப் பேர் அப்படித்தான்.


மூணாறுலயம் | செவ்வாய் இரவு 9:30

நோட்டீஸைத் தமிழில் கேளுங்கள் ஐயா. 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மைக்கு அந்த உரிமை இருக்கிறது. நம் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், தமிழில் பதிலும் கேட்கலாம். தேவிகுளம் பக்கம் நாங்கள் கேட்டுக்கேட்டுத்தான் வாங்குகிறோம், தானாக எதுவும் வராது.

குப்பை விஷயத்தில் எங்கள் தலைவலி வேறு. காய்கறிக் கழிவை வெளியே வைத்தால் யானை வரும். ஊரே பேர் வைத்துக் கூப்பிடும் கொம்பன் ஒருவன் கல்லாறு குப்பைக் கிடங்குக்கே போய்த் தின்று பழகிவிட்டான். லயத்தில், அதுதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், எங்களுக்கு ஆளுக்கு அரை செண்ட் மண்கூட இல்லை. உரக்குழி எங்கே தோண்டுவது? "வீட்டிலேயே மக்கவையுங்கள்" என்பது மண் உள்ளவனுக்குச் சொல்லும் பேச்சு.


புதுக்குடி | செவ்வாய் இரவு 10:15

மூணாறு அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்கும் மண் இல்லை. முற்றம் முழுக்க சிமெண்ட்.


வார்டுஏழு | புதன் மதியம் 2:10

மண் இல்லாத வீட்டுக்கு வாளி போதும் அக்கா. மூடி போட்ட இரண்டு வாளி, அடியிலும் பக்கத்திலும் ஓட்டை. அடியில் ஒரு கை தென்னை நார்க்கழிவு, மேலே அன்றைய சமையல் கழிவு, அதற்கு மேல் மறுபடி நார்க்கழிவு. இங்கே அதைச் சகிரிச்சோறு என்பார்கள், நுண்ணுயிர் கலந்து இனாகுலம் என்று பாக்கெட்டில் கிடைக்கும். ஒன்று நிறைந்ததும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். பல பஞ்சாயத்துகளில் மானிய விலையில் வாளியோ ரிங் கம்போஸ்டோ கொடுக்கிறார்கள். கிராமசபையில் பெயர் கொடுக்க வேண்டும்.

நாறுகிறது என்று நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். நாற்றம் வந்தால் ஈரம் ஜாஸ்தி, காற்று போகவில்லை என்று அர்த்தம். ரசம், சாம்பார், மோர் மிச்சத்தை அப்படியே ஊற்றக் கூடாது, வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போடுங்கள். காய்ந்த இலையோ கிழித்த செய்தித்தாளோ கூடப் போட்டுக் கிளறுங்கள். கோழி எலும்பு மட்டும் வேண்டாம். நீங்கள் போட்டாலும் போடுவீர்கள் 😄


புதுக்குடி | புதன் இரவு 9:00

போட மாட்டேன் சாமி!

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் பதிவில் கேட்க வெட்கமாக இருந்தது. என் மாமியார் எட்டு மாதமாகப் படுக்கையில். ஒரு நாளைக்கு நான்கு டயப்பர். அதைச் சேனை அக்கா தொடக்கூட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் தொட மாட்டேன். புதைக்க மண் இல்லை. ஒரு தடவை முற்றத்தில் எரித்தேன், அந்தப் புகையில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை, அதோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் என்ன செய்கிறேன் தெரியுமா? சனிக்கிழமை சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகும்போது ஒரு வாரத்து டயப்பரை மூன்று கவர் போட்டுக் கட்டி, ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்து, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கொண்டுபோகிறேன். அங்கே காலையில் வரும் தூய்மைப் பணியாளரிடம் அம்மா கொடுத்துவிடுவாள். செக்போஸ்டில் போலீஸ்காரர் கை காட்டும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்று அடிக்கும். கள்ளச்சாராயம் கடத்துகிறவளுக்குக்கூட இவ்வளவு பயம் இருக்காது.


எல்லைவண்டி | புதன் இரவு 9:40

அக்கா, படித்துவிட்டு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. நான் தினமும் அந்த ரோட்டில் காய்கறி வண்டி ஓட்டுகிறவன். போகும்போது நம் காய்கறி கேரளாவுக்கு. திரும்பும்போது காலி வண்டி என்று தெரிந்தால் "இந்த நாலு மூட்டையைக் கொண்டுபோய் வழியில் எங்கேயாவது தள்ளிவிடு" என்று காசு நீட்டுவார்கள். கோழிக்கடைக் கழிவு, லாட்ஜ் கழிவு, சில சமயம் ஊசி, குளுக்கோஸ் பாட்டில். நான் ஏற்றியதில்லை. ஏற்றியவர்களை எனக்குத் தெரியும்.

2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூரில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிப் பெரிய பிரச்சனை ஆனது ஞாபகம் இருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அதற்கப்புறம் 2025இல் தமிழ்நாடு குண்டர் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களையும் அதில் சேர்த்துவிட்டது. இப்போது செக்போஸ்டில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமல் விடுவதில்லை. நீங்கள் கொண்டுபோவது அந்த வகை இல்லை, வீட்டுக் குப்பைதான். ஆனாலும் நடுரோட்டில் மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொன்னால் உங்களுக்குத்தான் அவமானம்.


தென்னந்தோப்பு | புதன் இரவு 10:02

எல்லாரும் கேரளாக்காரன் குப்பை என்கிறீர்கள். இந்தப் பக்கம் நாமும்தானே இருக்கிறோம். எங்கள் ஊர்க் கால்வாயில் கிடக்கும் மூட்டையில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பத்திரிகைதான் சுற்றியிருந்தது.


நெறியாளர் | புதன் இரவு 10:20

வண்டி எண், ஆஸ்பத்திரிப் பெயர், ஆள் பெயர் எதுவும் இங்கே போட வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். புகார் சொல்ல வேண்டுமானால் கேரள அரசின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம், நிரூபணமானால் வெகுமதியும் உண்டு. நீர்நிலையில் கொட்டினால் அபராதம் 50,000 ரூபாய் வரை போகும், ஜெயிலும் உண்டு.


வார்டுஏழு | வியாழன் மதியம் 1:45

புதுக்குடி அக்கா, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. எங்கள் வேலையிலேயே பெரிய ஓட்டை இதுதான். பாலக்காட்டில் மருத்துவக் கழிவை எரிக்க 'இமேஜ்' ஆலை இருக்கிறது, ஆனால் அது ஆஸ்பத்திரிகளுக்காக வந்தது. வீட்டு டயப்பரை வாங்கி அந்த மாதிரி உலைக்கு அனுப்பும் ஏற்பாடு பெரிய நகரங்களில் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணத்தோடு நடக்கிறது. எங்கள் பக்கத்துக் கிராமப் பஞ்சாயத்து வரை வரவில்லை.

2016 திடக்கழிவு விதியில் டயப்பர், நாப்கின் செய்யும் கம்பெனிகள் அதைச் சுற்றிப்போட உறை கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நான் இத்தனை வீடு ஏறி இறங்கியதில் அந்த உறையோடு வந்த பாக்கெட்டைப் பார்த்ததில்லை.

ஒன்று செய்யலாம். பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் உங்கள் வீட்டுக்கு வருகிறாரா? வரவில்லை என்றால் உங்கள் வார்டு ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் இன்றைக்கே பெயர் கொடுங்கள். படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். டயப்பரைப் பாதியாகக் குறைக்க அவர்கள்தான் வழி சொல்வார்கள். பகலில் நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், துணியும் ரப்பர் விரிப்பும் போதும். படுக்கைப்புண் வரும் வாய்ப்பும் குறையும். டயப்பரை ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மலம் இருந்தால் கக்கூசில் தட்டிவிட்டு, அப்புறம் தாளில் சுற்றுங்கள்.

உங்களை மாதிரி எத்தனை வீடு என்று நீங்களே விசாரித்து, கையெழுத்து வாங்கிக் கிராமசபையில் கொடுங்கள். இரண்டு வீடு என்றால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இருபது வீடு என்றால் மெம்பர் எழுந்து நிற்பார்.


மூணாறுலயம் | வியாழன் இரவு 8:00

மனுவைத் தமிழில் எழுதுங்கள் அக்கா. மறந்துவிடாதீர்கள்.


புதுக்குடி | 5 வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8:30

இந்தப் பேச்சு இழை மூடியிருக்கும் என்று நினைத்தேன், திறந்துதான் இருக்கிறது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பாலியேட்டிவ் நர்ஸ் சேச்சி வாரம் ஒரு முறை வருகிறார். மாமியாரைத் திருப்பிப் படுக்கவைப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தார், எட்டு மாதமாக நான் தப்பாகத்தான் செய்திருக்கிறேன். பழைய வேட்டி, பருத்திப் புடவை எல்லாம் கிழித்து அடுக்கியாகிவிட்டது. துவைக்கிற வேலை கூடிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். கை வலிக்கிறது.

எங்கள் வார்டில் மட்டும் படுக்கையில் இருப்பவர்கள் உள்ள வீடு பதினொன்று. நான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு தாத்தா வீட்டில் ஏழு மாதத்து டயப்பரைச் சாக்கில் கட்டி மாடியில் வைத்திருக்கிறார்கள். எங்கே போடுவது என்று தெரியாமல்! பதினொரு கையெழுத்தோடு தமிழில் மனு கொடுத்தேன். கிராமசபையில் படித்தார்கள், மாவட்டத்துக்கு எழுதுகிறோம் என்றார்கள். ஒரு பெரியவர் எழுந்து "டயப்பர் இல்லாத காலத்தில் நாங்கள் இல்லையா?" என்று கேட்டார். அவர் வீட்டில் யார் துவைத்தார்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வாளி கம்போஸ்ட் முதல் தடவை நாறியது, புழு வந்தது. மோர் ஊற்றியிருந்தேன். இரண்டாவது வாளி நன்றாக இருக்கிறது. பால் கவர் இப்போது எங்கள் கொடியில் துணியோடு துணியாகக் கிளிப் போட்டுத் தொங்குகிறது. 50 ரூபாய் கட்டுகிறேன்.

நேற்றும் ஸ்கூட்டியில் பை இருந்தது. முன்பு வாரத்துக்கு இருபத்தெட்டு, இப்போது ஏழு. செக்போஸ்டில் நிறுத்தினார்கள். என்ன பை என்று கேட்டார்கள். சொன்னேன். அந்தப் போலீஸ்காரர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார், "எங்கம்மாவும் இப்படித்தான் இருந்தாங்க, போங்க" என்றார்.


தென்னந்தோப்பு | ஞாயிறு இரவு 9:05

கண்ணு, என் தோப்பு உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் இருக்காது என்று நினைக்கிறேன். டயப்பருக்கு என்னால் ஒன்றும் முடியாது, புதைத்தால் அந்த ஜெல்லும் பிளாஸ்டிக்கும் மண்ணில் அப்படியே கிடக்கும் என்று என் பேத்தி சொல்கிறாள். ஆனால் வாளியில் ஆன உரத்தை எங்கே கொட்டுவது என்று யோசித்தால் இங்கே அனுப்புங்கள், பதினெட்டு தென்னை இருக்கிறது. அப்புறம், வார்டுஏழு அம்மாவுக்கு: 900 கட்டிவிட்டேன். ரசீது மலையாளத்தில்தான் வந்தது.


வார்டுஏழு | ஞாயிறு இரவு 9:20

தமிழில் எழுதிக் கேளுங்கள் ஐயா 🙂 பால் கவரைக் கழுவினீர்களா?